கணினிப் பயன்பாட்டில் நெறியும் நலமும்

கணினியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்விக்குப் பள்ளிப் பாடநூல் முதல் அலுவலகச் சுவரொட்டி வரை இரண்டு பட்டியல்கள் விடையாகக் கிடைக்கின்றன. பிறர் கோப்பைத் திறக்காதே, மென்பொருளைத் திருடாதே, பொய்ச் செய்தி பரப்பாதே என்பது ஒன்று. நிமிர்ந்து உட்கார், கண்ணை இமை, அவ்வப்போது எழுந்து நட என்பது மற்றொன்று. இரண்டும் விசைப்பலகை முன் அமர்ந்திருப்பவருக்கே புத்தி சொல்கின்றன. ஆனால் கணினி பொதுப் புழக்கத்துக்கு வந்த முக்கால் நூற்றாண்டில் நேர்ந்த பெரிய தீங்குகளை எடுத்துப் பார்த்தால், பயனரின் ஒழுக்கக் குறைவால் விளைந்தவை குறைவு. கருவியை வடிவமைத்தவர், அதை வாங்கிப் பிறரை அதில் வேலை செய்ய வைத்தவர், அது காட்டிய எண்ணை ஆராயாமல் நம்பிய நிறுவனம் ஆகியோரிடமிருந்து வந்தவையே மிகுதி. தீர்வுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்துள்ளன. பயனரின் கடமை உண்மையானதுதான். ஆனால் அது மற்றவர்கள் தம் பங்கைச் செய்த பிறகு மிஞ்சும் பங்கு.

துறை உருவான விதம்

கணினி நெறியியலின் முதல் குரல் நார்பர்ட் வீனருடையது. இரண்டாம் உலகப் போரின்போது விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறிபார்க்கும் முறைகளை ஆராய்ந்த இந்த அமெரிக்கக் கணிதவியலாளர், போர் முடிந்ததும் ஏவுகணை வடிவமைப்புக்குத் தம் கட்டுரையைத் தர மறுத்தார். அந்த மறுப்புக் கடிதம் 1947 ஜனவரியில் அட்லாண்டிக் இதழில் வெளிவந்தது. 1950இல் வெளியிட்ட 'தி ஹியூமன் யூஸ் ஆஃப் ஹியூமன் பீயிங்ஸ்' நூலில், தானியங்கிக் கருவிகள் தொழிலாளரை வெளியேற்றும் என்றும், முடிவெடுக்கும் பொறுப்பை எந்திரத்திடம் ஒப்படைப்பது ஆபத்து என்றும் எச்சரித்தார். அப்போது உலகிலிருந்த கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்த எச்சரிக்கை ஒரு நிரலாளரிடமிருந்து வந்தது. எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966இல் 'எலிசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். எதிரே இருப்பவர் தட்டச்சு செய்த சொற்களையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. அதனுடன் பேசத் தொடங்கிய அவருடைய செயலாளர், சிறிது நேரத்தில் அவரையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். அந்த நிரல் எழுதப்படுவதை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்தவர் அவர். வைசன்பாம் இதில் அதிர்ந்து, கணினியால் செய்ய முடிந்தாலும் செய்ய விடக்கூடாத வேலைகள் உண்டு என்று 1976இல் ஒரு நூலே எழுதினார். இன்று அரட்டை நிரல்களிடம் மனக்குறையைக் கொட்டுவோரைப் பற்றி எழும் விவாதத்தின் பெரும்பகுதி அந்த நூலில் முன்பே நடந்து முடிந்துவிட்டது.

தொழில்முறை விதிகள் இதற்கிடையே உருவாகின. டான் பார்க்கர் 1968இல் தகவல் செயலாக்கத்துக்கான நெறி விதிகளை எழுதினார். கணினியாளர்களின் பன்னாட்டுச் சங்கமான ஏ.சி.எம். 1973இல் நெறித்தொகுப்பை ஏற்று, 1992இலும் 2018இலும் புதுப்பித்தது. 1985இல் ஜேம்ஸ் மூர், கணினி புதிய செயல்களைச் சாத்தியமாக்குகிறது, அவற்றுக்கான விதி மட்டும் இன்னும் இல்லை, அந்த வெற்றிடத்தை நிரப்புவதே இத்துறையின் பணி என்று வரையறுத்தார். மறு ஆண்டில் ரிச்சர்ட் மேசன் தனியுரிமை, துல்லியம், உடைமை, அணுகல் என நான்கு கேள்விகளாகச் சிக்கலைப் பகுத்தார். பலரும் அறிந்த 'பத்துக் கட்டளைகள்' 1992இல் அமெரிக்காவின் கணினி நெறி நிறுவனம் வெளியிட்டவை. பாடநூல்கள் இவற்றைத்தான் விரும்பி எடுத்தாள்கின்றன. ஆனால் பத்தில் ஒன்பதாவது மட்டுமே நிரல் எழுதுபவரையும் அமைப்பை வடிவமைப்பவரையும் நேரே அழைத்துப் பேசுகிறது.

எந்திரம் சொன்னால் சரியா

மேசனின் நான்கில் துல்லியமே மிகக் குறைவாகப் பேசப்படுவது. உயிர்களைக் கொண்டுபோனதும் அதன் குறைவுதான்.

தெராக்-25 என்பது கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதில் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். குறைந்தது மூவர் அதனால் இறந்தனர். முந்தைய மாதிரியில் இருந்த வன்பொருள் பூட்டுகளை நீக்கி, பாதுகாப்பை மென்பொருளிடம் விட்டிருந்தார்கள். இயக்குபவர் சிகிச்சை முறையைத் தவறாகத் தட்டச்சு செய்து, எட்டு விநாடிக்குள் திருத்திவிட்டால், திரையில் புதிய கட்டளை தெரியும். உள்ளே காந்தங்கள் பழைய கட்டளைப்படியே அமைந்திருக்கும். திரையில் 'செயலிழப்பு 54' என்று மட்டும் வரும். அதன் பொருளை இயக்கக் கையேடு விளக்கவில்லை. நாளுக்குப் பலமுறை இப்படிப்பட்ட செய்திகளைக் கண்டு பழகியவர்கள் ஒரு விசையை அழுத்தித் தொடர்ந்தார்கள். வேகமாகவும் பிழையைத் திருத்தியும் தட்டச்சு செய்த நல்ல பணியாளரின் கையில்தான் கருவி கொலைக்கருவியானது. பயிற்சி குறைந்த, மெதுவாகத் தட்டும் ஒருவருக்கு அந்தப் பிழை தலைகாட்டியே இருக்காது.

பிரிட்டனின் அஞ்சலகக் கணக்கு மென்பொருளான 'ஹொரைசன்' விவகாரம் இதைவிட நீண்டது. ஃபுஜிட்சு நிறுவனம் வழங்கிய இந்த அமைப்பு 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் நிறுவப்பட்டது. கணக்கில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியபோது, கிளையை நடத்தியவர்களே திருடினார்கள் என்று அஞ்சல் நிறுவனம் முடிவு கட்டியது. 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். வீட்டை விற்றுப் பணம் கட்டியவர்கள் உண்டு. சிறை சென்றவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. இவர்களில் பலர் தெற்காசியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் இப்படிக் காட்டுகிறது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டது. அமைப்பில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024 மேயில்தான் வந்தது.

இவ்வளவு காலம் இழுத்ததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டிய பொறுப்பை இங்கிலாந்து 1999இல் நீக்கியது. எதிராக ஏதும் காட்டப்படாதவரை அது சரியாகவே இயங்கியதாக நீதிமன்றம் கொள்ளும். மென்பொருளின் உட்புறத்தைப் பார்க்க வழியில்லாத கிளை நடத்துநர் அதை எப்படி மறுப்பார்? இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக வைப்பவரும் ஒரு வல்லுநரும் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. அது பதிவு திருத்தப்படவில்லை என்பதற்குக் காப்பு. பதிவை உருவாக்கிய மென்பொருளே தவறாகக் கணக்கிட்டிருந்தால் அந்தச் சான்றிதழால் பெரிய பயன் இராது.

செயற்கை நுண்ணறிவில் இதே சிக்கல் வேறு உருவில் நிற்கிறது. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சந்தையிலிருந்த முகம் அறியும் மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களின் பாலினத்தைக் கணிப்பதில் அதிகபட்சம் 0.8 விழுக்காடே தவறின. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் எப்படியோ விடையும் அப்படி. வேலைக்கு ஆள் எடுப்பது, கடன் தருவது, ஐயத்தின்பேரில் ஒருவரை நிறுத்துவது போன்ற இடங்களில் இத்தகைய கருவி நுழையும்போது, அதன் விடையை மறுத்துக் கேட்கும் வழியும் கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதரும் இருக்க வேண்டும் என்பதே குறைந்தபட்ச நெறி.

தனியுரிமை

இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் என்ற சொல்லுக்கு இதற்கு முன் இருந்த மதிப்பைக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் காட்டிவிட்டது. ஓர் ஆளுமைச் சோதனைச் செயலியைச் சில லட்சம் பேர் நிறுவினார்கள். அவர்களுடைய நண்பர்களின் தகவலும் சேர்ந்து 8.7 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் தரவு வரை வெளியேறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது.

தமிழ்நாட்டில் தனியுரிமை கசியும் இடம் பெரும்பாலும் இவ்வளவு நுட்பமானது அல்ல. ஜெராக்ஸ் கடைக்கும் நெட் சென்டருக்கும் ஆதார், பான், வங்கிப் புத்தகம், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை வாட்ஸாப்பில் அனுப்பி அச்செடுப்பது அன்றாட நடப்பு. அந்தக் கோப்புகள் கடைக் கணினியின் பதிவிறக்க அடைவில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. ஊர்ப்பெயர் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருப்பதும் உண்டு. கடைக்காரர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர்; அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மாலையில் கடையடைக்கும் முன் அந்த அடைவைக் காலி செய்வது ஒரு நிமிட வேலை. வாடிக்கையாளர் தரப்பில், கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். பொதுக் கணினியில் மின்னஞ்சலையோ வாட்ஸாப் வலையையோ திறந்தால் வெளியேறிவிட்டு எழ வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும், வங்கி என்று சொல்லிக் கேட்டாலும், சொல்லக்கூடாது.

உடைமை

கணினி நிரலும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. திருட்டுப் படி என்று தெரிந்தே ஒரு நிரலைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு என்கிறது 63பி பிரிவு. ஆனாலும் 'கிராக்' செய்த விண்டோஸை ஏற்றித் தருவது கணினிக் கடைகளில் கூடுதல் சேவையாகவே பல காலம் நடந்தது. சட்டத்தைவிட 2017 மே 12 இதற்கு நல்ல பாடம் புகட்டியது. அன்று பரவிய 'வான்னாகிரை' என்னும் பணப்பறிப்பு நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காத கணினிகளே சிக்கின. உரிமம் இல்லாத படிகளை வைத்திருப்போர் மாட்டிக்கொள்ளாமலிருக்கப் புதுப்பிப்பை அணைத்து வைப்பது வழக்கம்.

விலை கொடுக்க இயலாதவருக்கு நேர்மையான வழியும் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய குனு திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து, யாரும் படியெடுக்கவும் திருத்தவும் உரிமையுள்ள இயங்குதளத்தைத் தந்தன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அந்த மரபில் வந்தது.

நூல்களில் நிலைமை இன்னும் கூர்மையானது. தமிழ்நாடு அரசு எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்கும் வழக்கம் பிற இந்திய மொழியினருக்கு அரிதான பேறு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பில் பழந்தமிழ் நூல்களை இலவசமாக வலையேற்றி வருகிறது. இவ்வளவு நல்வழி இருந்தும், உயிரோடிருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை ஸ்கேன் செய்து டெலிகிராம் குழுவில் போடுவது தமிழ்ச் சேவை என்று சொல்லப்படுகிறது. ஒரு பதிப்புக்குச் சில நூறு படிகளே அச்சாகும் மொழியில் அது சேவையாகாது. எழுத்தாளரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் பதிப்புரிமை நீடிக்கிறது.

குற்றமும் சட்டமும்

கார்னெல் மாணவர் ராபர்ட் மாரிஸ் 1988 நவம்பர் 2 அன்று எம்.ஐ.டி.யிலிருந்து ஒரு நிரலை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். சேதம் செய்வது நோக்கமல்ல என்றார். ஏற்கெனவே நுழைந்த கணினியில் மறுபடி நுழையக்கூடாது என்பதில் ஏழில் ஒரு முறை விதிவிலக்கு வைத்திருந்தார். அந்த விதிவிலக்கே பெருகி ஏறக்குறைய 6,000 கணினிகளை முடக்கியது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் தண்டம் என்று தண்டனை வந்தது. 2000 மேயில் பிலிப்பைன்சிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல் புழு உலகைச் சுற்றியபோது, அதை எழுதிய மாணவரைத் தண்டிக்க அந்நாட்டில் சட்டமே இல்லை. அடுத்த மாதம் அவசரமாக இயற்றினார்கள்.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்து, 2008இல் விரிவாகத் திருத்தப்பட்டது. பிறர் கடவுச்சொல்லையோ மின் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது 66சி, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி 66டி, அந்தரங்கப் படத்தை ஒப்புதலின்றி எடுப்பதும் பரப்புவதும் 66இ, குழந்தைகளின் ஆபாசப் படங்கள் 67பி எனப் பிரிவுகள் உள்ளன. அதே திருத்தத்தில் வந்த 66ஏ வேறு வகை. எரிச்சலூட்டும் செய்தியை அனுப்புவதையும் அது குற்றமாக்கியது. 2012இல் மும்பை முழு அடைப்பைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட இன்னொருவரும் பால்கரில் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. நெறி என்ற பெயரில் எழுதப்படும் சட்டமும் நெறிதவறக்கூடும்.

பண மோசடிக்கு ஆளானவர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீளும் வாய்ப்பு உண்டு. 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. காணொளி அழைப்பில் யாரையும் கைது செய்ய முடியாது.

கண்

நலப் பகுதியில் முதல் புகார் கண் எரிச்சல். காரணம் திரையின் ஒளி என்று நம்புவோர் மிகுதி. உண்மையில் பெரிய காரணம் இமைக்க மறப்பது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, இமைப்பதும் அரைகுறையாகிறது. கண்ணீர்ப் படலம் காய்கிறது. தலைக்கு நேர் மேலே சுற்றும் மின்விசிறியும் முகத்தில் அடிக்கும் ஏசி காற்றும் அதை விரைவுபடுத்துகின்றன. திரையை ஒரு கை நீளத் தொலைவில், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு வைத்தால், பார்வை தாழ்ந்து, இமை பாதி மூடிக் கண்ணின் திறந்த பரப்பு குறையும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்க்கும் முறையும் உதவும். இந்த எண்கள் மனத்தில் நிற்பதற்காக அமெரிக்கக் கண்பார்வை மருத்துவர் ஜெஃப்ரி ஆன்ஷெல் கோத்தவை. 25 நிமிடமானால் குற்றமில்லை.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குக் கடைகளில் கூடுதலாக வாங்கும் பணம் வீண் என்றே சொல்லலாம். 2023இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, கண் அயர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியைவிட அது மேலானது என்பதற்கு ஆதாரம் காணவில்லை. திரை தரும் நீல ஒளி பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட மிகச் சொற்பம்.

சிறுவர்களின் கிட்டப்பார்வை வேறு விஷயம். அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். அருகில் பார்க்கும் வேலையும் வெளிச்சத்தில் திரியாமையும் சேர்ந்து அதை வளர்க்கின்றன. தைவான் 2010இல் பள்ளிக் குழந்தைகளை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாட்டு விகிதம் அதன்பின் இறங்கத் தொடங்கியது. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்துவிடும் பள்ளிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

முதுகு, கழுத்து, கை

உட்கார்ந்து எழுதுவதால் வரும் நோய் கணினிக்கு மிக மூத்தது. தொழில்வழி நோய்களை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி, 1700இல் வெளியிட்டு 1713இல் விரிவாக்கிய நூலில் எழுத்தர்களின் துன்பத்துக்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல், கணக்கில் பிழை வந்துவிடுமோ என்னும் மன அழுத்தம். இன்றைய மருத்துவர் இந்தப் பட்டியலில் சேர்க்க அதிகமில்லை.

மூன்றாவது காரணம் அடிக்கடி மறக்கப்படுகிறது. 1980களின் முற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் தரவு உள்ளிடும் பணியாளரிடையே கைவலி தொற்றுநோய்போலப் பரவியது. விசைப்பலகை எல்லா நாடுகளிலும் ஒன்றுதான். அங்கு மட்டும் ஏன் இவ்வளவு என்ற விவாதத்தில், பணி வேகம், கண்காணிப்பு, சலிப்பு ஆகியவை பேசப்பட்டன. மணிக்கட்டு நரம்பு நெரிசலுக்குத் தட்டச்சே காரணம் என்ற பரவலான நம்பிக்கைக்கும் சான்று கலவையாகவே உள்ளது. குனிந்து கைப்பேசி பார்த்தால் கழுத்தில் 27 கிலோ சுமை ஏறும் என்று சுற்றிவரும் படம், 2014இல் ஓர் அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் கணக்கிட்டது; உயிருள்ள கழுத்தில் அளந்தது அல்ல. குனிந்தே இருப்பது வலிக்கும் என்பதற்கு அந்த எண் தேவையுமில்லை.

மடிக்கணினியின் குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால், திரை சரியான உயரத்தில் இருந்தால் கை தூக்கிக்கொள்ளும். கை சரியாக இருந்தால் கழுத்து குனியும். மடிக்கணினியை நான்கு தடித்த புத்தகங்கள்மீது ஏற்றி, தனி விசைப்பலகையும் மௌஸும் இணைப்பதே மலிவான மருத்துவம். முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்க வேண்டும்; பாதம் தரையில் படிய வேண்டும். ஆறாம் வகுப்பு மாணவருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும் ஒரே உயர நாற்காலி போட்ட கணினி ஆய்வகத்தில் சிறியவர்களின் கால் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு பலகை போதும்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைகின்றன. கைகள் மாறி மாறி இயங்கும். பல இடங்களில் புள்ளி தானே விழும். ஆங்கில ஒலிபெயர்ப்பில் தட்டுவதைவிட விசையழுத்தம் குறைவு. நாள் முழுதும் தட்டச்சு செய்பவர் ஒரு வாரம் ஒதுக்கிக் கற்றுக்கொண்டால் விரல் பிழைக்கும்.

ஐரோப்பியச் சமூகம் 1990 மே மாதத்திலேயே காட்சித் திரைப் பணிக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. பணியிடத்தைச் சோதிப்பது, இடைவேளையோ வேலை மாற்றமோ தருவது, கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது ஆகியவை அதன்படி முதலாளியின் கடமை. நிமிர்ந்து உட்கார் என்று பணியாளரிடம் சொல்வதற்கு முன், நிமிர்ந்து உட்காரக்கூடிய நாற்காலி தரப்பட்டதா என்று அது கேட்கிறது.

உட்கார்ந்தே இருத்தல்

ஜெர்ரி மாரிஸ் 1953இல் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம், ஒத்த பின்னணி. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்த ஓட்டுநர்களுக்கு, படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட மாரடைப்பு அதிகம். 2016இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைத் தொகுத்த ஆய்வொன்று, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்பவரின் கூடுதல் இறப்பு அபாயத்தை 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு ஈடுசெய்கிறது என்று கண்டது. விறுவிறுப்பான நடையே போதும். நின்றுகொண்டே வேலை செய்வது இதற்கு மாற்று அல்ல. துணிக்கடைப் பணியாளர்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, தமிழ்நாட்டில் 2021இல் அதற்குச் சட்டத் திருத்தமே வந்தது. உடலுக்கு வேண்டியது நிலை மாற்றம்.

தூக்கமும் சிறுவரும்

படுக்கைக்குமுன் நான்கு மணி நேரம் ஒளிரும் மின்னூல் வாசித்தவர்கள், அச்சுநூல் வாசித்தவர்களைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினர் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014 இறுதியில் வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் பன்னிருவர் மட்டுமே. விளைவு சிறியது, ஆய்வும் சிறியது. தூக்கத்தைக் கூடுதலாகத் திருடுவது ஒளியைவிட, அடுத்த காணொளி தானே ஓடத் தொடங்குவதுதான்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறை நோய் வகைப்பாட்டில் சேர்த்தது. அது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாடு இழத்தல், பிற வேலைகளைவிட விளையாட்டுக்கு முதலிடம், தீங்கு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். விடுமுறையில் இரண்டு வாரம் கைப்பேசியை விடாத பிள்ளை நோயாளி அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதலே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது.

அரசுகள் கடிகாரத்தை வைத்து முயன்றதுண்டு. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்குப்பின் விளையாடத் தடை விதித்து, பத்தாண்டில் அதைக் கைவிட்டது. சீனா 2021இல் வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. தமிழ்நாட்டின் 2025 விதிமுறைகள் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைச் சிறுவருக்கு மூடி, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை எவரும் உள்நுழைய முடியாதபடி செய்தன. சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பண விளையாட்டுகளையே தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்தது. ரம்மியால் கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் நாளிதழ்களில் ஆண்டுக்கணக்கில் வந்த பின்னரே இவை நடந்தன.

கவனத்தைப் பிடித்து வைத்தல்

முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பயனரை ஏமாற்றும் திரையமைப்புகளை ஹாரி பிரிக்னல் 2010இல் பெயரிட்டுத் தொகுத்தார். இந்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று அவற்றில் 13 வகைகளை நுகர்வோர் வழிகாட்டுதலில் தடை செய்தது: இன்னும் இரண்டே அறைகள் மிச்சம் என்ற பொய் அவசரம், கேட்காமலே கூடையில் சேர்க்கும் பொருள், சந்தாவை நிறுத்த முடியாத சுற்றுவழி போன்றவை. வேலை நேரம் முடிந்தபின் அலுவலகச் செய்திக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக்கின. இரவு பத்து மணிக்கு வாட்ஸாப் குழுவில் வேலை ஒப்படைக்கும் மேலாளரைக் கட்டுப்படுத்தாமல், பணியாளரை மட்டும் திரை நேரத்தைக் குறைக்கச் சொல்வதில் பயனில்லை.

திரையின் மறுபக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். வன்முறைப் படங்களைப் பார்த்துப் பார்த்து நீக்கும் வேலை செய்து மனநலம் கெட்ட அமெரிக்க ஊழியர்களுக்கு 5.2 கோடி டாலர் தர ஃபேஸ்புக் 2020இல் உடன்பட்டது.

பழைய கணினி

தூக்கி எறியப்படும் கணினியிலும் நெறியும் நலமும் ஒன்றாகவே வருகின்றன. விரைவு ஃபார்மேட் செய்த வட்டிலிருந்து கோப்புகளை மீட்டுவிடலாம். விற்கும் முன் முழுதும் மேலெழுதி அழிக்க வேண்டும், அல்லது தொடக்கம் முதலே வட்டைக் குறியாக்கம் செய்து வைத்திருக்க வேண்டும். பலகைகளில் ஈயம், காட்மியம், தீத்தடுப்பு வேதிகள் உள்ளன. தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் செம்புக்காகக் கம்பியை எரிப்பவர் சுவாசிப்பது அவற்றைத்தான். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளரிடம் வைத்துள்ளன. ஆயினும் 2022இல் உலகம் வெளியேற்றிய 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடே.

மிகச் சிறந்த மறுசுழற்சி, இருக்கும் கணினியை இன்னும் சில ஆண்டு ஓட்டுவது. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியதால், நன்றாக இயங்கும் ஏராளமான கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாமல் ஓரங்கட்டப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸ் ஏற்றினால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுடன் தொடர்ந்து ஓடும். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் அருகிலுள்ள அரசுப் பள்ளியிலோ நூலகத்திலோ தேவையா என்று கேட்டுப் பார்க்கலாம்.